வேலுத்தாய் வீட்டு வாசல்

கரண்ட் போனதும் மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது. நின்ற பிறகுதான் வாசல் காதுக்கு வந்தது. அதுவரை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த உடம்புகளெல்லாம் ஒரே மூச்சில் வீட்டுக்குள் ஏறி வந்துவிட்ட மாதிரி, ஒரு வளையல், ஒரு இருமல், சிமெண்டுத் தரையில் சேலை உரசுகிற சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுவது. வேலுத்தாய் நாற்காலியில் அசையாமல் இருந்தாள். அசைந்தால் நாற்காலி முனகும், முனகினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று நினைத்தாள். நினைத்த உடனே சிரிப்பும் வந்தது. தெரியாமலா மத்தியானத்திலிருந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளுகள்? எந்த நாற்காலியில் இருக்கிறாள், எந்தக் கால் வீங்கி எந்தக் காலை நீட்டியிருக்கிறாள் என்பது வரை மாரிச்செல்வி சொல்லியிருப்பாள். மருமகளுக்குத் தெரியாத மாமியார் உண்டா. பொண்டாட்டியை அடித்தவன் வீட்டு வாசலில் போய் வாய் திறக்காமல் உட்காருவது என்பதை இந்தத் தாலுகாவில் முதலில் செய்து காட்டியவள் வேலுத்தாய்தான். கோஷம் போட்டால் அவனும் பதிலுக்குக் கத்துவான், கத்துவது ஆம்பளைக்குக் கைவந்த கலை. சும்மா உட்கார்ந்தால் என்ன செய்வான்? முதலில் சிரிப்பான். அப்புறம் வைவான். அப்புறம் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். கடைசியில் அம்மாவை அனுப்புவான். அம்மா மோர் கொண்டுவருவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது, தாய் அழுதால் நமக்கு மனசு இளகும், இளகினால் எழுந்துவிடுவோம் என்று தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வைத்து, மருந்து வாடைக்கு நடுவில், ஒவ்வொருத்திக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள். அடித்தவன் தானே வெளியே வந்து, தெரு கேட்க, இன்னாரை இன்னது செய்தேன், இனிச் செய்யமாட்டேன் என்று தன் வாயால் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. எத்தனை வாசல். எத்தனை மீசை இறங்கியிருக்கிறது அந்த வாசல்களில். போலீசுக்குப் பயப்படாதவனெல்லாம் பொம்பளைகளின் சும்மா இருப்புக்குப் பயந்தான். இன்றைக்கு வாசல் அவளுடையது. அடித்தவன் அவள் பெற்ற நிகரன். பெண்ணுக்கு ஆண் நிகர் என்று மேடையில் முழங்கிவிட்டு வந்து, அந்தச் சூட்டோடு பிள்ளைக்கு வைத்த பெயர். அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். மிச்சம் இருப்பது அம்மா.

பேசுகிறாளுகள். வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிகிறதா பார். கதவுக்கு வெளியே குசுகுசுவென்று ஆரம்பித்து இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. "யக்கா, போனைக் கொஞ்சம் உசத்திப் பிடிங்க, லைவ்ல போகுது." அது சுபிதா. மதுரையில் படித்து முடித்துவிட்டு ஊருக்கு வந்து, வேலுத்தாய் தொடங்கி நடத்தி, பிறகு செத்துக் கிடந்த பெண்கள் கூடல் என்ற சங்கத்தைத் தூசி தட்டி எழுப்பிய பிள்ளை. வந்த புதிதில் இதே வீட்டுக்கு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கதையெல்லாம் கேட்டுப் போனவள். மாரிச்செல்விதான் அன்று டீ போட்டுக் கொடுத்தாள். "என் மூஞ்சி தெரியாம எடு தாயி. அங்கன்வாடி மேடம் பார்த்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா." இது தங்கபுஷ்பம், இப்போது அங்கன்வாடியில் வேலை. அவள் பயம் இன்றைக்கு நேற்றுப் பயமா. "மூஞ்சியை மறைச்சிட்டு என்னக்கா போராட்டம்?" "ஆமா, உனக்கென்ன, ஒத்தைக் கட்டை. நான் போய் அடுப்பு மூட்டணும்லா." யாரோ சிரித்தார்கள். வேலுத்தாய்க்கு உள்ளே நெஞ்சு கொதித்தது. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கொதிப்பா, ஒழுங்காக உட்காரவில்லையே என்ற கொதிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்த இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது, காதை வைத்தால் கேட்கும். மண்பானை வாங்குகிறவள் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது போல அவளுக்குக் கூட்டத்தைத் தட்டிப் பார்க்கத் தெரியும். எந்தக் கூட்டம் எப்போது உடையும் என்று உடைகிறதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்து என்ன, ஒன்றையாவது உடையாமல் பார்த்துக்கொண்டாளா. மாரிச்செல்வியின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவள் அண்ணன் தெருமுக்குக் கடையில் நிற்கிறான் என்று மத்தியானமே தெரியும். "இன்னைக்குப் பொழுது அடையுற வரைக்கும் பார்ப்பேன். அவன் வந்து நாலு பேர் முன்னால பேசினா பேசட்டும், இல்லைன்னா நீ உன் புருசன் வீட்டுக்குள்ள போய் இருந்துக்கிட வேண்டியதுதான். என்னால உன்னைய வச்சுச் சோறு போட முடியாது" என்று தெருவே கேட்கச் சொல்லித்தான் தங்கையைக் கொண்டுவந்து விட்டான். ஆக இந்த வாசலில் இவளுகள் பொழுது அடைகிற வரை ஒட்டி உட்கார்ந்திருந்தால் மாரிச்செல்விக்கு ஒரு வழி. உடைந்து போனால், கதவு திறக்கும், அவள் உள்ளே வருவாள், நிகரனும் வருவான், கதவு சாத்தும்.

பெண்கள் சங்கம் ஏன் உடைகிறது? மனசுக்குள் ஒரு துண்டறிக்கை தானாக எழுதத் தொடங்கியது. அவளுக்கு வேறு மாதிரி யோசிக்க வராது. அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தது துண்டறிக்கைகள்தான், டீக்கடை மேஜையில் எண்ணெய் குடித்துக் கிடந்தவை, கூட்டம் முடிந்து மைதானத்தில் மிதிபட்டுக் கிடந்தவை. எழுத்துக் கூட்டிப் படித்து, அப்புறம் தானே எழுதி, அவள் எழுதியதை வாத்தியார்களே வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். தலைப்பு பெரிய எழுத்தில். கீழே, தாய்மார்களே, சகோதரிகளே. முதல் காரணம். முதல் காரணம், தொண்டு நிறுவனம் என்று பெயர் மாட்டிக்கொண்ட அந்த மதுரைக் கம்பெனி. ஜீப்பில் வந்தார்கள். பயிற்சி என்றார்கள், பாய் விரித்துச் சாப்பாடு போட்டார்கள், சிலரைப் பொறுக்கி எடுத்துக் கழுத்தில் அட்டை மாட்டிச் சம்பளம் கொடுத்தார்கள். அட்டை தொங்குகிறவள் நடையே மாறிவிட்டது, அட்டை இல்லாதவள் பார்வை மாறிவிட்டது. முதலில் அட்டை மாட்டியவள் இந்தத் தங்கபுஷ்பம். "கோவிச்சுக்கிடாதீக மதினி, பிள்ளை படிக்கணும்லா" என்றாள். கோபமா? வேலுத்தாய் அன்றைக்கு அவளை மனுசியாகவே மதிக்கவில்லை. எச்சில் இலை என்று சொன்னாளோ? சொல்லியிருப்பாள். அவளுக்கு அட்டை மாட்ட யாரும் வரவில்லையே என்கிற வேக்காடும் அந்தச் சொல்லில் இருந்தது என்று தங்கபுஷ்பம் பின்னால் ஊரெல்லாம் சொன்னாள். பொய். பொய்தானா? சரி, அது முதல் காரணம் இல்லை. அடித்துவிட்டு எழுது. முதல் காரணம் தோழர்கள். அண்ணன்மார்கள். பெரிய போராட்டம் முடியட்டும், உங்கள் பிரச்சினையை அப்புறம் பார்ப்போம் என்று வாழ்நாள் பூராவும் சொன்னவர்கள். "நீங்க ஒண்ணும் செஞ்சிராதீக, நாங்க பார்த்துக்கிடுதோம்." அந்த வாக்கியத்தில் போய் நினைப்பு முட்டி நின்றது. நாங்க பார்த்துக்கிடுதோம். இதை யாரோ சமீபத்தில் சொன்னார்கள். இந்த வீட்டில்தான். இந்தக் கூடத்தில்தான். போன வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை அவள் மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தாள். இல்லை, எடுத்து முடித்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் கேட்டது. சத்தம் என்று சொல்ல முடியாது, சத்தத்துக்குப் பிறகு வருகிற அமைதி அது. அடி விழுந்தவள் கத்தாமல் மூச்சைப் பிடிக்கிற அமைதி. அதை எத்தனை வீட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்டிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா. படியில் நின்றாள். கையில் வடகச் சுளகு. இறங்கலாம், ஏறலாம். காற்று அடித்தால் வடகம் பறக்கும் என்று நினைத்ததாக ஞாபகம். அந்த நேரத்தில் வடகத்தைப் பற்றி நினைத்திருக்கிறாள். இறங்கி வந்தபோது நிகரன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மாரிச்செல்வி அடுப்படி மூலையில் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு மாதிரி வளைந்திருந்தது. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. "அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேலுத்தாய் முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம் துணி நனைத்துக் கட்டினாள், ஆட்டோ பிடித்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். திரும்பி வந்து இந்தக் கூடத்தில் உட்கார்ந்ததும், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மருமகளிடம், "வெளிய ஒண்ணும் சொல்லிராத. நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். மாரிச்செல்வி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வரும்போது, மாமியார் வேலுத்தாய் என்று தெரிந்துதான் எங்கம்மா சம்மதிச்சா அத்தை என்று எப்போதோ சொன்னவள். பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து சுபிதாவிடம் போனாள். நான் பார்த்துக்கிடுதேன் என்று சொன்னவள் என்ன பார்த்தாள்? மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏதோ பேசினாள். பேசினாளா? சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் கேட்போம் என்று இருந்தாள். சாப்பிட்டு முடித்துப் படுத்துவிட்டான்.

வெயில் சன்னல் கம்பி நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டே போனது. மண்ணெண்ணெய் வாடை வந்தது. இந்த வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் வந்து காலமாகிவிட்டது. ஆனாலும் கூட்டம் என்று ஒன்று எங்கே சலசலத்தாலும் அவள் மூக்குக்கு அந்த வாடை வந்துவிடும். ராஜகனி நினைப்பில் வந்துவிட்டாள் என்று அர்த்தம். ராஜகனி தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கினவள், சின்ன உடம்பு, அடுக்குகிற வேகத்துக்கு விரல் தெரியாது. அவள் புருசன் அங்கேயே சங்கச் செயலாளர், வேலைநிறுத்தம் நடக்கிற சமயம், ஊரே அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஒரு மத்தியானம் கூடலுக்கு வந்தாள். தலைமுடியைப் பிய்த்து எடுத்த இடத்தில் முந்தானையைப் போட்டு மூடியிருந்தாள். "அக்கா, என் வீட்டு வாசல்ல வந்து உக்காருங்க" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இரு தாயி, பேசி முடிவு எடுக்கிறோம் என்று வெளியே பாயில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்கள். கூடலில் கைதூக்கி எண்ணுகிற பழக்கம் கிடையாது. தலைவி கிடையாது, செயலாளர் கிடையாது, எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும், கடைசி ஒருத்தி சரி என்று சொல்கிற வரைக்கும் எதுவும் செய்யக் கூடாது. ஆம்பளைகள் சங்கத்தில் பெரும்பான்மை என்று சொல்லி வாயை அடைப்பார்கள், நாம் அப்படி இல்லை என்று வேலுத்தாய் வகுத்த முறை அது. அதை எழுதி அச்சடித்துக்கூடக் கொடுத்தாள். அன்றைக்குப் பேசினார்கள். வேலைநிறுத்தம் முடியட்டும் என்றாள் ஒருத்தி, அவள் புருசன் சங்கத்தில் பொருளாளர். எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது என்றாள் இன்னொருத்தி. அவனைக் கூப்பிட்டு வாயால சொல்லிப் பார்ப்போம், வாசலுக்குப் போனா முதலாளி சிரிப்பான் என்றார்கள். வேலுத்தாய் போவோம் என்றுதான் சொன்னாள். அடித்துச் சொன்னாள். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, எல்லாரும் சரி என்று சொல்ல வேண்டுமே. சொல்லவைத்துவிடலாம், இன்னும் கொஞ்சம் பேசினால் சொல்லவைத்துவிடலாம் என்று பேசினாள். அவளுக்குப் பேசப் பிடிக்கும். தன் பேச்சு ஒரு கூட்டத்தைத் திருப்புகிற அந்தக் கணம் ஒன்று இருக்கிறதே, அதற்காக எவ்வளவு நேரமும் பேசலாம். சன்னல் வழியாக ராஜகனியின் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. அப்புறம் முகம் தெரிந்தது. எழுந்து சன்னலுக்கு வந்திருந்தாள். "பரவாயில்லக்கா. நீங்க பேசுங்க. பிள்ளைக்குப் பசிக்கும், நான் வாரேன்" என்றாள். சிரித்தமுகமாகச் சொன்னாள். உண்மையாகவே தன்னால் இவர்களுக்கு இவ்வளவு சிரமமா என்று கூச்சப்படுகிற சிரிப்பு. மறுநாள் ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று எழுதினார்கள். வேலைநிறுத்தம் வெற்றி. ஊர்வலத்தில் அவள் புருசன் முன்னால் நடந்தான், மனைவியை இழந்த நிலையிலும் கடமை தவறாத தோழர் என்று சொன்னார்கள், கைதட்டினார்கள். அவன் முகம் இப்போது ஞாபகம் இல்லை. சன்னலில் நின்ற அந்தச் சிரிப்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. பஸ்ஸில் எவளாவது இறங்கும்போது வாரேன்க்கா என்றால் போதும், அவள் மறைகிற வரைக்கும் வேலுத்தாய் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்குப் பிறகு கூடல் ஒட்டவே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் ராஜகனி முதலில் போய் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை, பார்க்க முடியாததற்கு ஆளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அட்டை, சாதி, மகன் கல்யாணம் என்று வந்த காரணத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கரை ஏறினார்கள். கடைசியில் வேலுத்தாயின் முகத்துக்கு நேராக ஒருத்தி சொன்னாள். வெளியே இப்போது யாரோ இருமினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து சுரண்டி எடுக்கிற வறட்டு இருமல், தீப்பெட்டி மருந்து கொடுத்த இருமல். சோலையம்மாள். அவளா வந்திருக்கிறாள்? இந்த வீட்டுக்கா? காலனிச் சோலையம்மாள் கூடலுக்கு முதல் நாளிலிருந்து வந்தவள், எந்த வாசலிலும் கடைசியாக எழுந்தவள். அவள்தான் அன்றைக்கு வட்டத்துக்கு நடுவில் சொன்னாள், "மதினி, நீங்க இங்க வட்டமா உக்காரவச்சுக் கேக்கீக. ஆனா முடிவெல்லாம் உங்க அடுப்பங்கரையில வச்சு நாலு பேரா பேசி எடுத்துட்டுத்தான் வாரீக. அந்த அடுப்பங்கரைக்குள்ள என்னைய ஒரு நாள் கூப்பிட்டிருக்கீகளா? வாசல்லயே வச்சு டீ கொடுத்தீக. நான் சரின்னு சொன்னதெல்லாம் சரின்னா சொன்னேன்? சும்மா இருந்தேன். சும்மா இருந்ததைச் சரின்னு எழுதிக்கிட்டீக." வேலுத்தாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சாதி பார்க்காதே என்று இந்த ஊரில் முதன்முதலில் மேடையில் பேசியவள் யார்? காலனிக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தவள் யார்? அந்தக் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து அவள் முகத்தில் எறிவது போலச் சொன்னாள், "உனக்கெல்லாம் பேச வாய் கொடுத்ததே நான்தாம்ட்டி." சோலையம்மாள் கோபப்படவில்லை. சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அதைத்தான் நானும் சொல்லுதேன் மதினி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பின்னால் காலனிப் பெண்கள் அத்தனை பேரும் போனார்கள். இன்று வரை தெருவில் பார்த்தால் முகம் திருப்புவது வேலுத்தாய்தான். அன்று சொன்னதில் என்ன தப்பு என்று இப்போதும் வாதாடலாம், வாதாடியிருக்கிறாள், சுவரோடு வாதாடியிருக்கிறாள். முதல் காரணம். முதல் காரணம் என்று எழுதி வைத்த இடம் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

வெளியே சத்தம் கூடிவிட்டது. "இது பழைய காலத்து முறைக்கா. அவன் வரவே மாட்டான். ஸ்டேஷனுக்குப் போவோம், கை ஒடிஞ்சதுக்கு எக்ஸ்ரே இருக்கு" என்றாள் சுபிதா. "ஸ்டேஷன்னா நான் வரமாட்டேன் தாயி. வாசல்னு சொல்லித்தான் என்னையக் கூப்பிட்ட." தங்கபுஷ்பம். "அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீக? விடிய விடிய இங்க உக்காரவா?" "கத்தாத. அந்தம்மா உள்ள இருக்காக. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு, அவுக வீட்டு வாசல்ல வந்து." "அவங்கதான உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" "சொல்லிக் கொடுத்ததால்தான் சொல்லுதேன்." வேலுத்தாய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுதான். தட்டிய இடத்தில் கேட்டது. இப்போது கதவைக் கொஞ்சம் திறந்து, தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "வா புஷ்பம், உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடி" என்று ஒரே ஒருத்தியை மட்டும் கூப்பிட்டால் போதும். பெற்ற பிள்ளை பிழைத்துவிடும். பதிலே பேசாவிட்டாலும் தங்கபுஷ்பம் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள், அந்தப் பார்வையைச் சுபிதா பார்ப்பாள், சந்தேகம் விழும், அத்தோடு முடிந்தது. அந்த வாக்கியம் நாக்கில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவு லேசாக, அவ்வளவு அன்பாக. எழுந்து கதவு வரைக்கும் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு சுட்டது. ஆனால் அவள் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் வெளியே அது தானாக நடந்தது. செருப்புகள் கால்களைத் தேடுகிற சத்தம். சுபிதாவின் ஸ்கூட்டர் கிளம்பியது. நான் ஸ்டேஷனுக்குப் போறேன், வாரவங்க வாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆயாகிட்ட விட்டுட்டு வந்தேன், போயி எட்டிப் பார்த்திட்டு வந்திருதேன் என்றாள் தங்கபுஷ்பம். வரமாட்டாள். அவள் பின்னால் இன்னும் சில செருப்புகள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிற செருப்புச் சத்தம் வேலுத்தாய்க்குத் தெரியும். அப்போதுதான் மாரிச்செல்வியின் குரல் கேட்டது, மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக, கதவுக்கு ஒட்டி, கிட்டத்தட்ட அவள் காதுக்குள். "பரவாயில்லக்கா. உங்களுக்கும் வேலை இருக்கும்லா. நீங்க போங்க, நான் உள்ள போய்க்கிடுதேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, முகத்தைப் பார்க்காமலே, அது என்ன சிரிப்பு என்று வேலுத்தாய்க்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய் வாடை மறுபடி வந்தது. உள்ளே போய்க்கிடுதேன். எங்கே உள்ளே? இங்கே. இந்த அடுப்படிக்கு. அந்த மூலைக்கு. ராஜகனி அன்றைக்கு நடந்து போன வீடு எங்கேயோ வேறு தெருவில் இருந்தது என்று இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தாளே, அவள் நடந்து நடந்து வந்து சேர்கிற வீடு இதுதானா. இடுப்பு மடியில் போன் நடுங்கியது. நிகரன்.

"யம்மா. போயிட்டாளுகளா?" பின்னால் வெல்டிங் பட்டறைச் சத்தம் கேட்டது. சிநேகிதன் கடையில் இருக்கிறான்.

வேலுத்தாய் கதவிலிருந்து விலகி, கூடத்தின் நடுவுக்கு வந்தாள்.

"போயிட்டாங்க" என்றாள்.

"எல்லாருமா? கதவைத் திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்யா. ஒருத்தரும் இல்ல."

"அவ?"

"அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்."

அவன் மூச்சு விட்டது கேட்டது. சின்ன வயதில் காய்ச்சல் இறங்கும்போது விடுவானே, அந்த மூச்சு. "நான் சொல்லல? பொழுது அடையுற வரைக்கும் தாங்க மாட்டாளுகன்னு. உன் ஆளுகளைப் பத்தி எனக்குத் தெரியாதா. பசிக்கும்மா. என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு."

"வாரேன்."

போனை வைத்த பிறகும் வாரேன் என்ற அந்தச் சொல் கூடத்தில் நின்றது. அவன் பிறந்ததிலிருந்து அவனுக்காக ஊரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். அவனிடம் சொன்ன பொய் இதுதான் முதல். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கணக்குப் போடுகிற மூளைதான் வேலை செய்தது. பட்டறையிலிருந்து பைக்கில் வர எவ்வளவு நேரம் ஆகும்? முக்கில் திரும்பும்போது பார்ப்பான். வாசல் நிறைய ஆள் இருந்தால் அவனால் திரும்ப முடியாது, தெரு அகலம் அப்படி, பின்னால் மாரிச்செல்வியின் அண்ணன் நிற்கிறான். வாசல் காலியாக இருந்தால் சிரித்துக்கொண்டே பைக்கை நிறுத்துவான். ஒருத்தி இரண்டு பேர் இருந்தால் தாண்டிக்கொண்டு உள்ளே வருவான். போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும். வாழ்நாளில் வா என்று சொல்லியிருக்கிறாள், போ என்று சொல்லியிருக்கிறாள், போகாதே என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. போகிறவள் போகட்டும், இயக்கம் நிற்காது என்றுதான் எழுதியிருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகினாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

சாயங்கால வெளிச்சம் கண்ணில் அடித்தது. முக்கில் தங்கபுஷ்பத்தின் முதுகு திரும்பிக்கொண்டிருந்தது. "புஷ்பம்!" என்று கத்தினாள். வெண்கலக் குரல் என்று ஊரே சொன்ன குரல் பாதித் தெருவிலேயே விழுந்துவிட்டது. "போகாதட்டி! அவன் வாரான்! வந்துகிட்டு இருக்கான்!" முதுகு ஒரு நொடி தயங்கினது போல இருந்தது. மறைந்துவிட்டது. எதிர்வீட்டுச் சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. கீழே பார்த்தாள். படிக்கு அருகில் மாரிச்செல்வி, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்தபடி, எழுந்திருக்க ஒரு முழங்காலை ஊன்றியிருந்தாள். அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தது ஒரு கறுத்த மெலிந்த கை. சோலையம்மாள் வேலுத்தாயை நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாரான்" என்று மறுபடி சொன்னாள் வேலுத்தாய், மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல். அடித்தவனின் தாயிடம் யார் பேசுவார்கள். தூரத்தில் எங்கோ ஒரு பைக் சத்தம் கேட்டது, அவன் பைக்காகவும் இருக்கலாம். வீங்கிய காலை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்து, நிலையைப் பிடித்து, அவள் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. இடம் நிறையக் கிடந்தது.